நாலில் ஒன்று

தம்போய்,
26 மார்ச் 2023

மாமா,

நேற்று லைன் அறுந்துபோவதற்குள் ஷர்மினி தன் முதல் வகுப்பு, புதுப் பை, பக்கத்தில் உட்காரும் பெண்ணின் பென்சில் பெட்டி எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லி முடித்துவிட்டாள். நீங்கள் கடல் தாண்டி சபாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து இதுதான் நடக்கிறது. அவள் பேசுகிறாள், நீங்கள் பேசுகிறீர்கள், நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் முறை வரும்போது நீங்கள் சிக்னல் கிடைக்கும் அந்த மேட்டிலிருந்து இறங்கிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் அவளுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தபோது டாக்டர் சுபத்திரா என்னை வெளியே அழைத்து உட்கார வைத்தார். மண்ணீரல் இன்னும் வீங்கியிருக்கிறதாம். போதாததற்குப் பித்தப்பையில் கல். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கல்லா என்று கேட்டேன்.

"சிவப்பணு உடைஞ்சா மஞ்சள் நிறம் வரும், அதுதான் சேர்ந்து சேர்ந்து கல்லாகுது, பிள்ளை," என்றார். பிறகு, நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, முதலிலிருந்து சொன்னார். "எல்லாருக்கும் சிவப்பணு நாலு மாசம் இருக்கும். உங்கட மகளுக்குக் கொஞ்ச நாளிலேயே களைச்சுப் போகுது. சர்க்கரையிலயிருந்து சக்தி எடுக்கிற கடைசிப் படியில இந்த பைருவேட் கைனேஸ் எண்ட நொதி சரியா வேலை செய்யேல்லை. சிவப்பணுவுக்குச் சக்திக்கு வேற வழியும் இல்லை. களைச்சதையெல்லாம் மண்ணீரல் பிடிச்சு அழிக்குது. அதை எடுத்தால் நோய் போகாது. ஆனா ரத்தம் ஏத்திறது குறையும்."

எடுத்தபின் சின்னக் காய்ச்சல் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தினமும் பென்சிலின் கொடுக்க வேண்டும். ரத்தம் உறையும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு. கல்லோடு பித்தப்பையையும் சேர்த்து எடுத்து, எல்லாவற்றையும் ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் செய்யலாமா என்று கேட்கிறார்.

எனக்கு உங்கள் பதில் வேண்டும். "நீயே பாத்துக்க" என்பது பதில் இல்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், போனில் அதைக் கேட்க முடியாது. நீங்கள் சபாவுக்குப் போய் ஐந்து மாதமாகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்பே நீங்கள் ஹாலில் படுக்கப் போய்விட்டீர்கள். அறையை விட்டு ஏன் போனீர்கள் மாமா?

பிரேமலா


லஹாட் டத்து அருகே,
14 ஏப்ரல் 2023

அன்புள்ள பிரேமா,

உன் கடிதம் அலுவலக மேசையில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. வேலுதான் கொண்டுவந்து கொடுத்தான். அவன் தெலுக் இந்தானிலிருந்து வந்தவன், என்னோடு ஷிப்டில் இருக்கிறான். "அண்ணே, லெட்டரெல்லாம் வருது, கோர்ட் கேஸா?" என்று கேட்டான். என் மனைவி என்றேன். அவன் நம்பவில்லை.

இங்கே மழை நிற்கவில்லை. மில்லுக்கு எண்ணெய்ப்பனைப் பழம் ஏற்றிவரும் லோரிகள் சேற்றில் மாட்டிக்கொள்கின்றன. பழம் வராவிட்டாலும் கொதிகலனை அணைக்க முடியாது, அடுப்பைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பு வேலை செய்த தெப்ராவ் தொழிற்சாலையில் கேஸ் அடுப்பு, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இங்கே பிழிந்த பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரிக்கிறோம். முகமெல்லாம் கரி. நீ பார்த்தால் சிரிப்பாய்.

அறுவை சிகிச்சைக்கு என் பதில்: செய்யலாம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊசி குத்த நரம்பு தேடும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, அதை இன்னும் எத்தனை வருடம் பார்ப்பது? நீ பார்க்கிறாய், நான் இங்கே இருக்கிறேன், எனக்கு அதைச் சொல்லும் யோக்கியதை இல்லை என்று நீ நினைக்கலாம். இருந்தாலும் கேட்டாய், சொல்கிறேன். செய்யலாம். தடுப்பூசிகளை முன்பே போட வேண்டும் என்று படித்தேன். கேட்டுப் பார்.

ஹால் விஷயம். அறையில் மின்விசிறி சத்தம் என்று அப்போதே சொன்னேனே.

ஷர்மினிக்கு ஒரு யானை படம் அனுப்புகிறேன். மில் பாதையில் நிஜமாகவே வந்தது. நான் எடுத்ததுதான்.

ரூபன்


தம்போய்,
30 ஏப்ரல் 2023

மாமா,

மின்விசிறியை மாற்றிவிட்டேன். புதுசு. சத்தமே இல்லை. நீங்கள் வராததற்கு இனி வேறு காரணம் தேடிக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிகளை ஆரம்பித்துவிட்டார்கள். முதல் ஊசிக்கு அழவில்லை. இரண்டாவதற்கு நர்ஸின் கையைக் கடித்துவிட்டாள். நர்ஸ் "அலமாக்!" என்று குதித்தாள், பிறகு அவளே சிரித்துவிட்டாள். பள்ளியில் ஒரு பையன் இவளிடம் "உன் கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டானாம். "எங்க வீட்ல எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சாங்க, மிச்சம் இருந்துச்சு," என்றாளாம். ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார். இந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று அறியச் சோதனை எதுவும் தேவையில்லை, அது என்னிடமிருந்துதான்.

யானை படத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறாள்.

நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். போன வருடம் டாக்டரின் அறையில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்ததை நான் தினமும் நினைக்கிறேன். ஷர்மினியின் உடம்பில் மற்றவர்களின் ரத்தம் கலந்திருப்பதால் அவளைச் சோதித்தால் சரியாகத் தெரியாது என்று நம் இருவரின் ரத்தத்தையும் எடுத்தார்களே. முடிவு வந்த அன்று டாக்டர் சுபத்திரா கேட்டார், "நீங்கள் ரெண்டு பேரும் சொந்தமோ?" என் அத்தை மகன் என்று நான் பெருமையாகச் சொன்னேன். எட்டு வருடமாக யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லிவந்தேன். சின்ன வயதில் லாபிஸ் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது நீங்கள் எனக்கு மட்டும் பலகாரம் வாங்கி வருவீர்கள், என் தங்கை மலர் முறைப்பாள். அத்தை மகன்தான் வேண்டும் என்று நான் அடம்பிடித்தது ஊருக்கே தெரியும்.

டாக்டர் தாளில் படம் போட்டார். இந்த மரபணுவில் உங்களிடம் ஒரு பழுது, ஒரு நல்லது. என்னிடமும் அப்படியே. இரண்டு பழுதும் சேர்ந்தால் ஷர்மினி. நான் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதற்கு அடுத்த வாரம் ஹால்.

என்னைக் கட்டியது தப்பு என்று நினைக்கிறீர்களா? ஆமாம் என்றாலும் எழுதுங்கள். மின்விசிறி என்று மட்டும் எழுதாதீர்கள்.

பிரேமலா


லஹாட் டத்து அருகே,
21 மே 2023

பிரேமா,

இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். உன்னைக் கட்டியது தப்பு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

டாக்டர் போட்ட அந்தப் படத்தில் நாலு கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று என்றார். நீ உடனே கேட்டாய், "அப்போ நாலில் மூணு நல்லா இருக்கும்தானே டாக்டர்?" உன் குரலில் சந்தோஷம் இருந்தது. நீ இன்னொரு பிள்ளையை நினைத்துவிட்டாய் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. நான் ஷர்மினி பிறந்த வாரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். பிரசவம் முடிந்து நீ மயக்கத்தில் இருந்தாய், நீ பார்க்கவில்லை. நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அதுவும் போதவில்லை என்று அவள் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து வேறு ரத்தம் ஏற்றினார்கள். தொப்புளில் குழாய். என் உள்ளங்கை அளவுதான் இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்றேன். யாரும் என்ன நோய் என்று சொல்லவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு அது யாரோ செய்தது மாதிரி இருந்தது. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் அது நம்மிடமிருந்து வந்தது என்று புரிந்தது. நாம் ஆசையாக இருந்ததிலிருந்து.

பிறகு என்னால் உன்னைத் தொட முடியவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. ஆசைதான் பயமாக இருந்தது. நீ தலை துவட்டிக்கொண்டு அறையில் நடப்பாய், நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன். உன் கை தவறி என் மேல் பட்டால்கூட அந்தக் கட்டங்கள் ஞாபகம் வரும். தடுக்க வழிகள் இருக்கின்றன, எனக்கும் தெரியும், நான் படிக்காதவன் இல்லை. ஆனால் நீ இன்னொரு பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தாய். உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு எத்தனை நாள் மாட்டேன் என்று சொல்ல முடியும் என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் ஹாலுக்குப் போனேன். ஒரு கதவு தள்ளிப் படுப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அப்போதுதான் இந்த வேலை வந்தது.

கடல் தாண்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. கொதிகலனுக்குள் எட்டிப் பார்க்கச் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு, அதில் என் முகம் தெரியும். அதைப் பார்த்து உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன். வேலு ஒரு நாள் கேட்டுவிட்டான், "யாரோட பேசுறீங்கண்ணே?" பிரஷரோடு என்றேன்.

ஆகஸ்டில் வருகிறேன். மூன்று வாரம் விடுப்பு கேட்டிருக்கிறேன். மேனேஜர் தங்கராஜு முதலில் முகத்தைச் சுளித்தார். மகளுக்கு ஆபரேஷன் என்றதும், "போய்ட்டு வாங்க லா, மில் எங்கயும் ஓடிடாது," என்றார்.

ரூபன்


தம்போய்,
11 ஜூன் 2023

மாமா,

உங்கள் கடிதத்தைப் பல் கிளினிக்கில் வேலைக்கு நடுவே படித்தேன். கவுண்டரில் பல் வலிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். பல் டாக்டர் வெளியே வந்து, "பிரேமா, உனக்குமா பல் வலி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீல விளக்கைப் பற்றி நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? ஏழு வருடம் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். நான் கண் விழித்தபோது "கொஞ்சம் மஞ்சள் காமாலை, சரியாயிடுச்சு" என்றுதான் சொன்னீர்கள்.

நான் இன்னொரு பிள்ளை கேட்டது உண்மை. ஆனால் நீங்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள். பிள்ளைக்கு முன்னால் எனக்கு நீங்கள் வேண்டும். பிள்ளையே வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் உங்கள் முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பேன். அந்த முதுகைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

உங்கள் சட்டை ஒன்றை ஷர்மினி ரத்தம் ஏற்றப் போகும்போது போர்த்திக்கொள்கிறாள். ஆஸ்பத்திரியில் குளிர். திரும்பி வந்ததும் அதைத் துவைக்காமல் நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அதில் இப்போது ஆஸ்பத்திரி வாசனைதான் வருகிறது, உங்கள் வாசனை போய்விட்டது. இருந்தாலும்.

சீக்கிரம் வாருங்கள். அறைக்கு வாருங்கள். சும்மா பக்கத்தில் படுத்தால் போதும்.

உங்கள் பிரேமா


லஹாட் டத்து அருகே,
24 செப்டம்பர் 2023

என் பிரேமா,

வந்து சேர்ந்துவிட்டேன். ஒரு வாரமாகியும் என் காது இன்னும் தம்போயில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நீ வேலை முடிந்து வருகிறாய் என்று தலை தூக்கிப் பார்க்கிறேன்.

அறுவை அறை வாசலில் உட்கார்ந்திருந்தோமே, அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நீ என் விரலை நெரித்து நெரித்து நகம் பதிந்துவிட்டது. டாக்டர் வெளியே வந்து எல்லாம் சரி என்று தலையாட்டியதும் நீ அவர் காலில் விழப் போனாய், நான் உன்னைப் பிடிப்பதா அவரைப் பிடிப்பதா என்று தடுமாறினேன். ஷர்மினி கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வியை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்: "என் மண்ணீரலை எங்க வச்சீங்க? கழுவித்தானே வச்சீங்க?" தங்கராஜு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

மழை பெய்த அந்த மத்தியானத்தைப் பற்றி, ஷர்மினி மலர் வீட்டில் இருந்தாளே, அதைப் பற்றி நான் எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கே கப்பல் ஏறிவிடுவேன். ஒப்பந்தம் டிசம்பர் வரை இருக்கிறது.

நீ கதவருகில் நின்று கையசைக்காமல் உள்ளே போய்விட்டாய். நல்லதுதான். கையசைத்திருந்தால் டாக்ஸியைத் திருப்பச் சொல்லியிருப்பேன்.

பென்சிலின் மறக்காதே. காய்ச்சல் என்றால் யோசிக்காதே, ஓடு.

உன் ரூபன்


தம்போய்,
8 அக்டோபர் 2023

மாமா,

முதலில் ஷர்மினி. ஆபரேஷனுக்குப் பின் ஒரு தடவைகூட ரத்தம் ஏற்றவில்லை. ஹீமோகுளோபின் எட்டரை இருக்கிறது. டாக்டர் சுபத்திரா, "இது போதும் பிள்ளை, இந்த நோயில உடம்பு குறைஞ்ச ரத்தத்தோடயும் சமாளிக்கும்," என்கிறார். கண் மஞ்சள் மட்டும் போகவில்லை, அது போகாதாம். நேற்று பள்ளி மைதானத்தில் ஓடினாள். கடைசியாகத்தான் வந்தாள். ஆனால் நிற்காமல் ஓடி வந்தாள்.

இரண்டாவது விஷயத்தைப் போனில் சொல்லலாம் என்று பலமுறை நினைத்தேன். நீங்கள் மேட்டில் நிற்பீர்கள், லைன் அறுந்துவிடும், நான் உங்கள் முகத்தைக் கற்பனை செய்துகொண்டு கிடக்க வேண்டும். ஆகவே எழுதுகிறேன்.

நான் முழுகாமல் இருக்கிறேன். நாம் கவனமாக இருந்தோம் என்று சொல்ல மாட்டேன். நாம் கவனமாக இல்லை.

டாக்டரிடம் போனேன். திட்டவில்லை. நம் பழுது எது என்று தெரிந்திருப்பதால் பதினொரு வாரம் ஆனபின் கோலாலம்பூரில் நஞ்சுக்கொடியிலிருந்து ஊசி வழியாகக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கலாமாம். கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு. நவம்பர் பதினாறு கிடைத்திருக்கிறது.

நான் என்ன நினைக்கிறேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஷர்மினியைப் போலவே இருந்தாலும் நான் பெற்றுக்கொள்வேன். ஷர்மினியைத் தினமும் பார்த்துக்கொண்டு அவளைப் போன்ற ஒன்று வேண்டாம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. வேறு ஒருத்திக்கு வரலாம், அவளைக் குறை சொல்ல மாட்டேன். முன்பே தெரிந்தால் பிறக்கும்போது ரத்தத்தோடு காத்திருப்பார்கள், போன தடவை மாதிரி இருட்டில் தேட மாட்டார்கள். அதற்குத்தான் சோதனை.

நீங்கள் பயப்படுவீர்கள் என்று தெரியும். பயப்படுங்கள். ஆனால் இந்த முறை இங்கே வந்து பயப்படுங்கள்.

பிரேமா


லஹாட் டத்து அருகே,
20 அக்டோபர் 2023

பிரேமா,

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. கடிதத்தைப் பையில் வைத்துவிட்டு அடுப்பை மறந்து நின்றுவிட்டேன். கண்ணாடிக்கு வெளியே நின்ற அந்த நாள் அப்படியே வந்தது. வேலு தண்ணீர் கொடுத்தான். "அண்ணே, வீட்ல ஏதும் கெட்ட சேதியா?" என்றான். என் மனைவி உண்டாகியிருக்கிறாள் என்றேன். "அதுக்கா இப்படி நிக்கிறீங்க!" என்று என் முதுகில் ஓர் அறை விட்டு, மில் முழுக்கச் சொல்லிவிட்டான். பழம் இறக்குகிறவர்கள்கூட வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு நாலில் ஒன்று எல்லாம் தெரியாது. ஒருவன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கும் சந்தோஷம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

நீ சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எதுவாக இருந்தாலும் பெற்றுக்கொள்வோம். உன்னைத் தனியே கோலாலம்பூருக்கு அனுப்ப மாட்டேன். பதினைந்தாம் தேதி வந்துவிடுவேன். ஊசி போட்டுவிட்டு, நீ ஓய்வெடுக்கும் நாலு நாளும் இருந்துவிட்டுத் திரும்பி வந்து மீதி வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். தங்கராஜுவிடம் ராஜினாமா சொல்லிவிட்டேன். தெப்ராவில் பழைய தொழிற்சாலையில் ஆள் தேடுகிறார்களாம், பேசியிருக்கிறேன்.

கனமானதைத் தூக்காதே. மலரை வந்து இருக்கச் சொல்.

ரூபன்


தம்போய்,
3 டிசம்பர் 2023

என் மாமா,

வெள்ளிக்கிழமை நான் போனில் கத்தியதில் "நம்மைப் போல" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது என்று மெசேஜ் அனுப்பியிருந்தீர்கள். அதன் பிறகு உங்கள் மேடு அமைதியாகிவிட்டது. மழையில் டவர் விழுந்துவிட்டதா? அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன பாடு படுகிறீர்களோ. முழுவதையும் எழுதுகிறேன், இது வருவதற்குள் லைன் வந்தால் நல்லது.

டாக்டர் சுபத்திரா தானே அழைத்தார். பிள்ளையிடம் ஒரு பழுதுதான் இருக்கிறது. மற்றது நல்லது. நோய் வராது. நம்மைப் போல, சும்மா சுமந்துகொண்டிருக்கும். "பிள்ளை, கேக்குதோ?" என்று பலமுறை கேட்டார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு ஒன்று கேட்டேன், முட்டாள்தனமாக. அந்த ஒரு பழுது உங்களுடையதா, என்னுடையதா? அவர் சிரித்துவிட்டார். நம் இருவரிடமும் இருப்பது ஒரே பழுது, ஒரே தாத்தா பாட்டி வழி வந்தது, இந்தச் சோதனையில் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஏனோ அது பிடித்திருந்தது.

ஷர்மினியிடம் நேற்று காலை சொன்னேன். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வரப்போகும் பாப்பாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை, ஊசி இல்லை, வயிறு வீங்காது என்று சொன்னேன். "நல்லது," என்றாள் பெரிய மனுஷி மாதிரி. கொஞ்ச நேரம் மென்றாள்.

"கண்ணும் மஞ்சளா இருக்காதாம்மா?"

"இருக்காது."

அவள் முகம் வாடிவிட்டது.

"பாவம்மா. அப்புறம் அது என்னோட பாப்பான்னு எல்லாருக்கும் எப்படித் தெரியும்?"

அப்பா வந்து சொல்வார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிரேமா